புகையில்லாத கரி

ஜனவரி 2, வியாழன்

ஊட்டி வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியவர்களில் என்னைத் தவிர அத்தனை பேரும் வாந்தி எடுத்தார்கள். இறங்கும்போது டிரைவர் என்னைப் பார்த்து, "உங்கள மாதிரி ஒரு ஆள இந்த ரூட்ல பாத்ததில்லைங்க" என்றார். வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் பார்வை அதுதான்.

என் அக்கா மகள் இந்துமதி பிள்ளை பெற்றிருக்கிறாள். ஆண் குழந்தை, இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை. தாய்வீடு என்று வந்து நிற்க அவளுக்கு இருப்பது சீனிராஜ் ஆகிய நான் ஒருவன்தான். தலைப்பிரசவத்தை என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். கோயம்புத்தூரில் ஒற்றை அறை, என் கைச் சமையல். இந்து வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் மாமியார் வீட்டில், ஊட்டி காந்தலில், பிரசவம் பார்த்திருக்கிறார்கள்.

மாமியார் லோகநாயகி அம்மாள் வாசல்வரை வந்து, "வாங்ணா, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா" என்றார். வெந்நீர், காபி, கம்பளி எல்லாம் கேட்காமலே வந்தன. எனக்கு அப்போதே ஒரு நெருடல். கேட்காமல் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஜனவரி 3, வெள்ளி

ராத்திரி பூராவும் குழந்தை கத்தியது. குளிர்தான் காரணம். பிள்ளை பெற்றவளுக்கு ஒதுக்கிய அறை வடக்குப் பார்த்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே ஈரம் வழிகிறது. இந்து காதில் பஞ்சு, தலையில் ஸ்கார்ஃப், இரண்டு ஸ்வெட்டர். "கை விறைக்குது மாமா. பிள்ளைக்குத் துணி மாத்தவே பயமாருக்கு" என்றாள்.

என்ன சீர் செய்வது என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. செயினும் மோதிரமும் எவனும் போடுவான். நான் சூட்டையே சீராகக் கொடுக்கப்போகிறேன் என்று அறிவித்தேன்.

இந்துவின் புருஷன் தினகரன் பஸ் கண்டக்டர். நல்ல பையன், விவரம் போதாது. "கரண்ட் ஹீட்டர் ஒண்ணு வாங்கிரலாங்க மாமா" என்றான்.

"மாப்ள, கரண்ட் சூடு ரத்தத்த உறிஞ்சும். வெளிநாட்டுல தடையே பண்ணிட்டான்."

"அப்படிங்களா?"

"பேப்பர்லயே வந்துச்சே!"

எந்தப் பேப்பர் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

லோகநாயகி அம்மாள் தன் பங்குக்கு இரும்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இந்தத் தெருவில் எல்லாரும் இதில் கட்டைக்கரியைப் போட்டு, வாசலில் வைத்துக் கனலவிட்டு, பிறகு உள்ளே எடுத்துவந்து குளிர் காய்வார்களாம். படுக்கப்போகும்போது மறுபடி தூக்கி வெளியே வைத்துவிடுவார்களாம்.

"தூங்கறப்ப உள்ள வெக்கவே கூடாதுங்ணா."

பாடுபட்டு உண்டாக்கின சூட்டைத் தூக்கித் தெருவுக்குக் கொடுக்கிற புத்தியை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 4, சனி

விறகு வேண்டாம், புகையும். கட்டைக்கரி வேண்டாம், பொறி தெறிக்கும். கோக் கரிதான் சரி. இரும்பை உருக்கும் ஃபவுண்டரி உலைக்குப் போடுகிற சரக்கு. ஒரு தடவை பற்றிவிட்டால் நாள் பூராவும் கனலும். ஒரு பொட்டுப் புகை கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஃபவுண்டரியின் உலையைப் பத்தொன்பது வருஷம் என் கண்பார்வையில் வைத்திருந்தவன் நான். கேட்டில் போட்டிருந்த என் ஸ்டூலிலிருந்து பார்த்தால் உலை மிக நன்றாகத் தெரியும்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடையில் அடுப்பு அகப்பட்டது. வார்ப்பிரும்பு, இடுப்பு உயரம், நான்கு சிங்கக் கால், முன்னால் ஒரு கதவு, மேலே புகைக்குழாய். குழாய்க்குள்ளே ஒரு தகடு. வெளியே உள்ள திருகைத் திருப்பினால் குழாய் திறக்கும், மூடும். துரை ஒருவருடைய பங்களாவில் இருந்தது என்றான் கடைக்காரன். கவர்னர் பங்களாவாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. ஆகவே கவர்னருடையதுதான்.

"நெருப்பு இருக்கறவரைக்கும் அந்தத் தகட்டை முழுசா மூடிராதீங்க" என்றான்.

"எந்த ஃபவுண்டரில வேல பாத்த?" என்று கேட்டேன். சிரித்தான். காசை எண்ணினான்.

ஜனவரி 5, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து காய்கறிக்காக வரும் லாரியில் கோக் மூட்டைகள் ஏறி வந்தன. டிரைவர் என் பழைய சிநேகிதன். என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவான், இன்று மறந்துவிட்டான்.

காலை முழுக்க வேலை. அடியில் செங்கல், பின்னால் தகரம், குழாயை வென்டிலேட்டர் வழியாக வெளியே விட்டு, இணைப்புகளில் களிமண் பூசினேன். தினகரன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் சுள்ளி போட்டுப் பற்றவைத்து, மேலே கோக்கைக் கொட்டினேன். சுள்ளி கொஞ்சம் புகைந்தது. பிறகு பாருங்கள், சிவப்பாக, மௌனமாக, ஒரு கனல்! இந்து ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"அம்மா இருந்தா இதத்தான் செஞ்சிருக்கும் மாமா" என்றாள்.

அடுப்புச் சாம்பல் கண்ணில் பட்டுவிட்டது. வெளியே போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

லோகநாயகி அம்மாள் உள்ளே வந்தார். அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொறாமை.

ஜனவரி 7, செவ்வாய்

இரண்டு நாளாகக் குழந்தை அழுவதே இல்லை! கன்னம் சிவந்து, பொம்மை மாதிரி தூங்குகிறான். பாலுக்குக்கூடத் தட்டித் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்து, "என்னங்க மாயம் பண்ணுனீங்க?" என்றாள். கைராசி என்றேன்.

ஒரே குறை, காற்று அடித்தால் குழாய் ஊளையிடுகிறது, சில நேரம் அறைக்குள்ளேயே திருப்பி ஊதுகிறது. அதன் வழியாகச் சூடும் மேலே ஓடிவிடுகிறது. கோக் கரியும் வேகமாகத் தீர்கிறது. யோசித்தேன். புகைக்குழாய் எதற்கு? புகை போவதற்கு. இங்கே புகையே இல்லை. அப்புறம் எதற்கு அதைத் திறந்துவைக்க வேண்டும்? கடைக்காரனுக்கும் தோன்றாத விஷயம். சுள்ளி எரிந்து முடிந்ததும் தகட்டை முழுசாகத் திருகி மூடிவிட்டேன். அறை ஹோட்டல் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது.

ஜனவரி 8, புதன்

இந்துவுக்குக் காலையில் தலைவலி. ஒரு தடவை வாந்தி. பச்சை உடம்பு என்றார் லோகநாயகி அம்மாள், கொஞ்சம் அவசரமாகவே.

சாயங்காலம் நான் அறைக்குள் போனபோது ஜன்னல் பாதி திறந்திருந்தது. பிள்ளை பெற்ற அறையில்! இந்தக் குளிரில்!

"யாரு தொறந்தது?"

"நாந்தானுங்ணா. ஒரு மாதிரி அடைச்சாப்ல இருந்துச்சு."

"பச்ச உடம்புக்காரிக்குக் காத்துப் பட்டா ஜன்னி வரும். ஒங்களுக்குத் தெரியாததா சம்பந்தியம்மா?"

"தெரியுமுங்க. நானும் ரெண்டு பெத்தவ தானுங்க."

பதிலைக் கவனியுங்கள். தெரிந்தே திறந்திருக்கிறார்.

ஜனவரி 9, வியாழன்

தலைவலி தொடர்கிறது. இந்து என்ன சாப்பிடுகிறாள் என்று கணக்குப் போட்டேன். காலையும் மாலையும் லோகநாயகி அம்மாள் தன் கையால் உருட்டிக் கொடுக்கும் பிரசவ லேகியம். மேலுக்கு மிளகு வாசனை. உள்ளே என்ன இருக்கிறதோ யார் கண்டது? எங்கள் பக்கத்தில் இடுமருந்து என்று ஒன்று உண்டு. சோற்றிலோ உருண்டையிலோ வைத்துக் கொடுத்தால் தலை சுற்றும், குமட்டும், புத்தி மந்தமாகும், வைத்தவர் சொன்னபடி ஆடுவார்கள். மருமகளைக் கைக்குள் போட்டுக்கொள்ள மாமியாருக்கு இதைவிட என்ன வழி?

ஒரு உருண்டையை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு கீழ் பஜார் நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாக்கில் வைத்துப் பார்த்தார். "சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய். நல்லாத்தான் கிண்டியிருக்காங்க. யாரு கிண்டுனது?"

சொன்னேன்.

"அட, அந்தம்மாவா! நம்ம கிட்டதான் சரக்கு வாங்குவாங்க."

ஆக, இவரும் கூட்டு.

வீட்டுக்கு வந்ததும் இந்துவிடம் லேகியத்தை வாங்கி ஒளித்துவைக்கச் சொன்னேன். "எதுக்கு மாமா?" என்றாள். "மாமா சொன்னாக் கேளு தாயி" என்றேன். நானும் இன்றிலிருந்து இந்த வீட்டுச் சாப்பாடு சாப்பிடப்போவதில்லை. முக்குக் கடையில் பன்னும் டீயும்.

ஜனவரி 10, வெள்ளி

குழந்தையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையில் போனவர்கள் வரிசையில் உட்கார்ந்து சாயங்காலம்தான் திரும்பினோம். லோகநாயகி அம்மாள் வரவில்லை. நானே இட்லி வாங்கிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் இந்துவுக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை! பழையபடி பேச்சு, சிரிப்பு. என் மஃப்ளரைப் பார்த்து, "கரடி மாதிரி இருக்கீங்க மாமா" என்றாள். குழந்தையும் வரிசை பூராவும் கேட்கும்படி கத்தினான்.

அந்த அம்மாள் கை படாத ஒரே ஒரு நாள். இந்து சுகமாக இருந்த ஒரே ஒரு நாள். இதற்கு மேல் கோர்ட்டில் என்ன சாட்சி வேண்டும்?

ஜனவரி 11, சனி

மறுபடியும் தலைவலி. லேகியம் சாப்பிடவில்லை. அப்படியானால் சாம்பாரில் கலக்கிறார்.

ஜனவரி 12, ஞாயிறு

எனக்கும் தலை கனக்கிறது. அறைக்குள் உட்கார்ந்து இந்துவுக்குத் துணையாக இருந்தேன். கால் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பன்னைத் தவிர ஒன்றும் தின்னவில்லை. பன் கடைக்காரனும் இந்தத் தெருதானே.

மத்தியானம் லோகநாயகி அம்மாள் நேராகவே சொல்லிவிட்டார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அடுப்புதானுங்க ஏதோ பண்ணுது. நான் உள்ள போயி கொஞ்ச நேரம் இருந்தாலே கிர்ருங்குது. வெளிய வந்தா சரியாப் போயிருது."

"புகை வருதா?"

"இல்லீங்க."

"நாத்தம் வருதா?"

"இல்லீங்க."

"புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. அப்புறம் அடுப்பு என்ன, மந்திரமா போடுது? பத்தொம்பது வருசம் பாத்தவன் சொல்றேன்."

உண்மையில் ஃபவுண்டரியில் உலை மேலே ஏறிக் கரி கொட்டுகிற ஆட்கள் எப்போதாவது மயங்கி விழுவார்கள். கீழே தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டால் எழுந்து உட்காருவார்கள். ஒருவன் எழுந்திருக்கவில்லை. அது உழைக்கத் திராணி இல்லாத ஆட்கள் விஷயம். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் மறுபடி திறந்திருக்கிறது. மைதாப் பசை காய்ச்சி, பேப்பரைக் கிழித்து, ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டினேன். கண்ணாடி மேலேயும் ஒட்டினேன், வெளியிலிருந்து வேவு பார்க்க முடியாது. குழாய் போகும் வென்டிலேட்டரைச் சுற்றிச் சாக்குத் துணி. இனி ஒரு கொசு மூச்சுவிட முடியாது.

ஜனவரி 13, திங்கள், போகி

எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். தினகரன் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், எதிர்வீட்டு அம்மாளும் இருந்தார்.

"சம்பந்தியம்மா, என் அக்கா மகளுக்குச் சோத்துல என்ன வச்சுக் குடுக்கறீங்க?"

லோகநாயகி அம்மாள் கையில் மாவு. அப்படியே நின்றார். தினகரன்தான் கத்தினான். "மாமா! என்ன பேச்சு பேசறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு மட்டும் அவளுக்கு எப்படிடா நல்லாருந்துச்சு? சொல்லு பாப்போம்!"

அவன் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பார்த்தீர்களா?

அறைக்குள்ளிருந்து இந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, அத்தய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். நாக்குக் குழறியது. மருந்து வேலை செய்கிறது.

லோகநாயகி அம்மாள் கையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். "இனி நான் அந்த ரூமுக்குள்ள வர மாட்டனுங்ணா. சமைக்கவும் மாட்டன். அவங்களுக்கு வேணுங்கறத நீங்களே பாத்துக்குங்க. ஆனா அந்தப் புள்ள அழுகறதே இல்ல. அத மட்டும் யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாரே, ஏன்?

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

காலையில் எல்லாரும் முற்றத்தில். வெளியே பானை வைத்திருக்கிறார்கள். தினகரனுக்கு இன்றும் டூட்டி, மத்தியானம் வருவான். ரகசியமாக எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்று நான் அறைக்குள் இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அடுப்பில் கோக் நிறையப் போட்டிருக்கிறேன். பண்டிகை நாள், பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும்.

இந்து நன்றாகத் தூங்குகிறாள். கூப்பிட்டேன், ம் என்றாள். குழந்தை அதைவிட. எவ்வளவு நிம்மதியான வீடு. எனக்கும் சொகுசாக இருக்கிறது. வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். பொங்கிவிட்டது போலிருக்கிறது. எழுந்து போக வேண்டும். கொஞ்சம் பொறுத்து

ஜனவரி 16, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டு. மூக்கில் மாட்டியிருந்ததை இன்று காலையில்தான் எடுத்தார்கள். பேனா நர்ஸிடம் வாங்கினது.

நடந்ததை எழுதுகிறேன். ஏதோ சரியில்லை என்று எனக்கு முன்பே பட்டது. ஒரே பாய்ச்சலாக எழுந்தேன், ஜன்னலை உடைத்தேன், இந்துவையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வார்டில் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் குடலிறக்கக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கண் திறந்தபோது நான் முற்றத்து மண்ணில் கிடந்தேன். பொங்கல் பானை பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. அறைக் கதவு உடைந்து தொங்கியது. எதிர்வீட்டு ஆட்கள் உடைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே யாரோ வெளியிலிருந்து கண்ணாடியை உடைத்துக் காற்று விட்டிருக்கிறார்கள். லோகநாயகி அம்மாள் வலது கையை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தானை பூராவும் சிவப்பு. இடது கையால் குழந்தையின் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அழுடா. அழு சாமி. அழுடா."

அவன் அழுதான். அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம்.

டாக்டர் சின்னப் பெண். கரி எரிந்தால் ஒரு வாயு வரும், நிறம் கிடையாது, வாசனை கிடையாது, போக வழியில்லாவிட்டால் ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும் என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூன்று பேரும் இல்லை என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

இந்துவும் குழந்தையும் மாடியில், பெண்கள் வார்டில். பிழைத்துவிட்டார்கள். அவளுக்குப் பொங்கல் அன்று நடந்தது ஒன்றுமே நினைவில்லையாம். குழந்தைக்கு இன்னும் சில மாதம் பார்க்க வேண்டுமாம், தலை நிற்கிறதா, சிரிக்கிறானா என்று.

தினகரன் வந்தான். கஞ்சியை வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

மாடிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். இந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தான். லோகநாயகி அம்மாள் மடியில் வைத்திருந்தார், வலது கையில் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை கட்டு.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "ஜன்னல ஒடச்ச ஹீரோ நீங்கதானா? கீழ எல்லாரும் சொல்றாங்க. எங்க, கையக் காட்டுங்க பாக்கலாம்."

என் கையில் ஒரு கீறல் கிடையாது. ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கட்டிலோரம் நின்றிருந்த தினகரன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "சொல்லுங்க மாமா. காட்டுங்க."

லோகநாயகி அம்மாள் தலை நிமிரவில்லை. "அண்ணா கட்டையால ஒடச்சாருங்க. கண்ணாடிய அள்றப்ப எனக்குக் கிழிச்சிருச்சு" என்றார்.

"அம்மா!" என்றான் தினகரன்.

"நீ சும்மா இரு. இந்து தூங்கட்டும்."

கீழே வந்து கட்டிலில் படுத்தேன். ஏன் அப்படிச் சொன்னார்? இதில் அவருக்கு என்ன லாபம்? நாளைக்கு இதை வைத்து என்னைக் கைக்குள் போடவா? எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஜனவரி 18, சனி

அடுப்பைப் பிரித்துப் பழைய சாமான் கடைக்கே கொடுத்துவிட்டானாம் தினகரன். கரண்ட் ஹீட்டர் வாங்கியாகிவிட்டது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. தினகரன் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"சம்பந்தியம்மா, நர்ஸுகிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உண்மையச் சொல்லுங்க."

"இப்பவும் சந்தேகமுங்களா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு இந்து தூங்குகிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவளுக்கு அம்மா வீடுன்னு வேற யாருங்ணா இருக்காங்க? எம்பையன் உங்கள வாசப்படி ஏறாதன்னு சொல்லத்தான் நிக்கறான். நான் எப்பவும் நல்லவளாவே இருப்பன்னு என்ன நிச்சயமுங்க? எம்மாமியா எனக்குச் சோறு போடாம வெச்சப்ப, ஏன்னு வந்து கேக்க எனக்கு ஒருத்தருமில்ல. இந்தப் பொண்ணுக்கு ஒரு ஆளு இருக்கட்டும். எம்மூஞ்சிக்கு நேரா நின்னு, சோத்துல என்னத்த வெச்சேன்னு கேக்கற ஆளு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதலாம். நல்ல பதில்கள் இரண்டு மூன்று இப்போது தோன்றுகின்றன.

கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரப்படுத்தி இழுத்தாள், வரவில்லை. தையல் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை ஓடியது. "யாராச்சும் இந்தக் கைய அசையாமப் புடிங்க" என்றாள். அங்கே வேறு ஆள் இல்லை.

நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.